விமானத்தில் இருந்து இறங்கி நான்கு நாளாகியும் ஒரு காது அடைத்தே இருக்கிறது, சரியாகக் கேட்கவும் இல்லை. தானாகச் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அடைப்போடு 'கேட்கவும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். விமானம் ஏற, இறங்க எல்லாம் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம்தான். 2016-ல் மஸ்கட்டில் இருந்து சளியோடு ஏறி, இறங்குகிற நேரத்தில் தூங்கிவிட்டேன். வலது காதில் கம்பியை விட்டுக் குத்தியது போல வலித்து விழித்தால், கீழே தென்னைமரங்கள் தெரிகின்றன. வீட்டில் அம்மா பேசியது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது.

மூக்கின் பின்பக்கத்தில் இருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அது திறக்கும். விமானம் ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று தானே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். சளியில் குழாய் வீங்கியிருந்தால் வழி கிடைக்காது. செவிப்பறை உள்ளே இழுபட்டு, நடுக்காதில் நீரோ ரத்தமோ கசியும். எனக்கு நடந்தது இதுதான். மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது.

அப்போது காது மூக்கு தொண்டை டாக்டர் என்னை வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னார். அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்டது. அப்படியென்றால் சிக்கல் அநேகமாக நடுக்காதில். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உள்காதையோ நரம்பையோ சந்தேகப்பட வேண்டும் என்றார். பிறகு இசைக்கவையை நெற்றியில் வைத்தும் பார்த்தார், காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராமும் எடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து என் மாமா துபாயில் இருந்து வந்தார். அவருக்கும் இடது காது அடைப்பு. கூடவே இரைச்சல், லேசான தலைசுற்றல். டாக்டரிடம் போகலாம் என்றால், "உனக்கு மூணு வாரத்துல சரியாச்சே மக்கா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனபோது, உள்காதில் அடிபட்டிருக்கிறது என்றார்கள். இப்படித் திடீரென்று கேட்காமல் போனால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும், இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைவு. அந்தக் காதில் கேட்கும் திறன் திரும்பவில்லை. என் கதையை நம்பித்தான் அவர் காத்திருந்தார் என்பது இன்றும் என்னை அறுக்கிறது.

அதனால் இப்போதே முனகிப் பாருங்கள். நல்ல காதில் பலமாகக் கேட்டாலோ, இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தாலோ இன்றே போங்கள். அடைத்த காதில் கேட்டாலும் இரண்டொரு நாளில் காட்டிவிடுங்கள், முனகல் ஒரு குறிப்பு மட்டும்தான். காய்ச்சிய எண்ணெய் விட வேண்டாம், அடைப்பு செவிப்பறைக்கு உள்ளே இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதவும் வேண்டாம்.

திரும்பும் டிக்கெட் போட்டிருந்தால், போகலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சளியோடு போயே ஆக வேண்டும் என்றால், இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஆக்ஸிமெட்டாசோலின் மூக்கு ஸ்பிரே அடிக்கலாமா என்றும் கேளுங்கள், ரத்த அழுத்தம் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இறங்கும்போது விழித்திருந்து எதையாவது மென்றுகொண்டே இருங்கள்.

அப்புறம், டாக்டர் வெறும் மருந்துச் சீட்டோடு அனுப்பப் பார்த்தால், ஆடியோகிராம் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.