சர்க்யூட் பேப்பரில் அரியர் வைத்த பையனுக்கு

பல்லடத்திலிருந்து எழுதின அண்ணாவுக்கு வணக்கமுங்க.

பையன் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிக்கறான், சர்க்யூட் பேப்பரில் அரியர், கம்ப்யூட்டர் பக்கம் மாத்தி விட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. நீங்க அனுப்பின விடைத்தாள் நகலைப் பார்த்தேன். கிர்க்காஃப் விதி ரெண்டையும் (புள்ளிக்கு வர்ற கரண்டும் போற கரண்டும் சமம், ஒரு சுத்துல வோல்ட்டெல்லாம் கூட்டினா பூஜ்யம்) பிசகில்லாம எழுதியிருக்கான். கணக்குக்கு வந்ததும் மெஷ்ல (ஒவ்வொரு சுத்துலயும் ஓடற கரண்டைக் கண்டுபிடிக்கற முறை) ஆரம்பிச்சு, பாதியில அடிச்சுட்டு நோடலுக்குத் (ஒவ்வொரு புள்ளியிலயும் எத்தனை வோல்ட்னு கண்டுபிடிக்கற முறை) தாவி, அதையும் முடிக்கலை. ஒவ்வொரு முறையையும் தனித்தனிப் பாடமா மனப்பாடம் பண்ணியிருக்கான், அவ்வளவுதான்.

இந்த ஒரு கணக்கை அவன்கிட்டக் குடுங்க. 12 வோல்ட் பேட்டரி 2 ஓம் வழியா, 6 வோல்ட் பேட்டரி 3 ஓம் வழியா, ரெண்டும் ஒரே புள்ளிக்கு வருது. அங்கிருந்து 6 ஓம் கிரவுண்டுக்குப் போகுது. புள்ளியில எத்தனை வோல்ட்? நோடல், மெஷ், சூப்பர்பொசிஷன், தெவனின்னு நாலு முறையிலும் போடட்டும்.

நோடல்ல ஒரே சமன்பாடு, 8 வோல்ட்னு வந்துடும். மெஷ்னா ரெண்டு சமன்பாடு எழுதணும். சூப்பர்பொசிஷன்னா ஒவ்வொரு பேட்டரியையும் தனியா வெச்சுப் பார்த்துக் கூட்டறது; 12 வோல்ட்டை மட்டும் வெச்சா 6, சின்னதை மட்டும் வெச்சா 2, கூட்டினா அதே 8. தெவனின்னா மிச்ச சர்க்யூட் முழுசையும் ஒரே பேட்டரி, ஒரே ரெசிஸ்டன்ஸா சுருக்கறது; 6 ஓமைக் கழட்டிட்டுப் பார்த்தா 9.6 வோல்ட், 1.2 ஓம். இந்தக் கணக்குக்கு அது சுத்து வழிதான். ஆனா அந்த 6 ஓமை மாத்தி மாத்திக் கேட்டா, தெவனின் தெரிஞ்சவன் ஒரே வகுத்தல்ல முடிச்சுடுவான்.

இன்னொண்ணு. 6 வோல்ட் பேட்டரி குடுக்கற கரண்ட் மைனஸ் 0.67 ஆம்பியர்னு வரும். பசங்க பயந்து அடிக்கறது இந்த எடத்துலதான். பெரிய பேட்டரி சின்னதைச் சார்ஜ் பண்ணுதுங்க, மைனஸுக்கு அதுதான் அர்த்தம். அடிக்காம விடச் சொல்லுங்க.

பேப்பரை எப்படியோ பாஸ் பண்ணிட்டா போதும்னும் விட்டுடாதீங்க. அடுத்து மெஷின்ஸ் பாடம் வருது. உங்க தறி மோட்டாரையே ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸுமா (மோட்டார் காயில் ஏசி கரண்டைத் தடுக்கற அளவு) தாள்ல வரைஞ்சுதான் கணக்குப் போடுவாங்க. இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதினாலும், கோயமுத்தூர்ல ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில டெஸ்டிங் வேலைக்குப் போனாலும் இது கூடவே வரும். மூணு பேஸ் லைன்ல ஒரு பேஸ் கட் ஆனா தறி மோட்டார் உறுமுறதைக் காதால கேட்டே வளர்ந்த பையன் அவன். கம்ப்யூட்டர் மேல அவனுக்கே ஆசை இருந்தா அது வேற பேச்சு. உங்க கடுதாசியில அது எங்கயும் இல்லீங்களே.

தினம் ஒரே ஒரு கணக்கு, ரெண்டு முறையில. விடை ஒத்து வரலைன்னா எந்த வரியில பிரிஞ்சுதுன்னு அவனே தேடணும். ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டோட கூட்டிட்டு வாங்க.