கடலூர் லைசென்ஸ் லண்டன்ல எத்தனை நாள் ஓடும்?

"மார்ச்ல லண்டன் வந்தேன். 2006ல கடலூர்ல எடுத்த லைசென்ஸ் இந்த ஆகஸ்ட்ல முடியுது. வைகாசியில அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போறேன், அப்பவே புதுப்பிக்கலாமா? இல்ல இங்கேயே பிரிட்டிஷ் லைசென்ஸா மாத்திக்கலாமா?"ன்னு மஞ்சக்குப்பத்துத் தம்பி கேட்டிருக்கார்.

மாத்த முடியாது தம்பி. ஜப்பான், சிங்கப்பூர், ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு அந்த வசதி இருக்கு, நமக்கு இல்ல. குடியேறின நாள்லேருந்து 12 மாசம் ஊர் லைசென்ஸ்ல ஓட்டலாம். அதுவும் அது செல்லுபடியா இருந்தாத்தான். ஆகஸ்ட்டோட விட்டுட்டா, அடுத்த மார்ச் வரைக்கும் ஓட்டலாங்கறதும் போச்சு. நடுவுல ஊருக்குப் போய்ட்டு வந்தா கணக்கு புதுசா தொடங்கும்னு நம்மாளுங்க நிறைய இருக்கற லண்டன் ஈஸ்ட்ஹாம்ல யாராச்சும் சொல்லுவாங்க. நம்பாதீங்க.

அதனால வைகாசியிலேயே புதுப்பிச்சிடுங்க. முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம்னு 2019 சட்டத் திருத்தத்துல வந்துடுச்சு. அதே திருத்தத்துல, தேதி முடிஞ்சும் 30 நாள் ஓட்டலாம்னு இருந்த சலுகை போயிடுச்சு. முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடி எட்டு போட்டுக் காட்டணும், இந்த வயசுல! முன்ன மாதிரி 20 வருஷம் கிடைக்காது, உங்க வயசுக்குப் பத்துதான். நாற்பது தாண்டியிருந்தா டாக்டர்கிட்ட படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று, வாங்கணும். விண்ணப்பம் அரசாங்கத்தோட சாரதி இணையதளத்துல. ஆதார் ஓடிபி பழைய இந்திய நம்பருக்குத்தான் வரும். இங்க சிம் வாங்கினதும் அதை ரீசார்ஜ் பண்ணாம விட்டுடறாங்க நம்மாளுங்க, அப்புறம் முழிக்கறாங்க.

ஆனா இதை மட்டும் நம்பி உக்காராதீங்க. புரொவிஷனல் லைசென்ஸுக்கு, அதான் இங்கத்த எல்.எல்.ஆர்., இப்பவே போட்டு, தியரி பரீட்சை எழுதிடுங்க. பாஸ் ஆனா ரெண்டு வருஷம் செல்லும். ரோடு டெஸ்டுக்குத் தேதி கிடைக்கத்தான் மாசக்கணக்கா ஆகும். மார்ச் தாண்டிட்டா எல் போர்டு மாட்டி, மூணு வருஷம் லைசென்ஸ் வச்சிருக்கறவரைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் ஓட்டணும். பாரதி சாலையில ஹாரனை நம்பி ஓட்டின கை நம்முது. இங்க டெஸ்ட் வைக்கற அதிகாரி உங்க கண்ணைத்தான் பார்ப்பார். கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடி, அப்புறம் தோளுக்குப் பின்னாடி ஒரு பார்வை. ரவுண்டபவுட்ல வலப்பக்கம் வர்றவருக்கு வழி. ஆட்டோமேட்டிக் கார்ல பாஸ் பண்ணா கியர் வண்டி ஓட்ட முடியாது, அதையும் யோசிச்சுக்குங்க.

டிக்கெட் போடும்போது, லைசென்ஸ் வேலைக்காக முகூர்த்தத்துக்கு முன்னால ரெண்டு மூணு வேலை நாள் இருக்கற மாதிரி போடுங்க. கார்டு தபால்லதான் வீட்டுக்கு வரும். நீங்க கிளம்பறதுக்குள்ள வரலன்னா, அக்காகிட்ட அதை வாங்கி வச்சு இந்தப் பக்கம் வர்றவங்ககிட்ட கொடுத்தனுப்பச் சொல்லுங்க.