உங்கள் பாலில் குறை இல்லை, வாந்தியின் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு இன்றோடு 45 நாள். பிறந்தபோது 2.9 கிலோ, போன வாரம் எடை போட்டபோது 4 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மூன்று வாரமாகத் தினமும் சாயந்திரம் ஆறரைக்கு அழ ஆரம்பித்தால் பத்து மணி வரை அடங்குவதில்லை. முகம் சிவந்து, காலை மடக்கிக்கொண்டு, வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது. குடித்த பால் தயிர் போல வெளியே வருகிறது. பால் பற்றவில்லை, பவுடர் பால் கொடு என்கிறார் அத்தை. உரம் விழுந்திருக்கிறது என்கிறார் அம்மா. நெட்டில் பார்த்துவிட்டு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் கணவர். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வயிற்றுவலி சொட்டு மருந்தை இரண்டு நாள் கொடுத்தோம். முந்தாநாள் இரவு என்னால் தாங்க முடியாமல் அவனைப் பாயில் போட்டுவிட்டு பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையா டாக்டர்?

பதில்: பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு நகர்ந்து போனீர்களே, அதுதான் அம்மா அந்த நேரத்தில் செய்ய வேண்டியது. மூன்று மணி நேர அழுகை எந்த மனிதரையும் ஆத்திரப்பட வைக்கும். அந்த ஆத்திரத்தில் பிள்ளையின் தோளைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினால் போதும், தலை கனம், கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை, மூளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்து கண் போகலாம், உயிரும் போகலாம். நீங்கள் அதைச் செய்யவில்லை. இனியும் கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வந்தால், பக்கத்தில் தலையணை, போர்வை எதுவும் இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போங்கள். பத்து நிமிடம் தனியாக அழுவதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளையை யாரும் உலுக்கக் கூடாது என்பதை வீட்டில் அவனைத் தூக்குகிற எல்லோருக்கும், முக்கியமாகக் கணவருக்கு, வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அழுகைக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது கோலிக், அதாவது எந்த நோயும் இல்லாத குழந்தை மணிக்கணக்கில் அடங்காமல் அழுவது. இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். 1962-லேயே பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், எந்த நோயும் இல்லாத 80 குழந்தைகளின் தாய்மாரை அழுகையைக் குறித்து வைக்கச் சொல்லிப் பார்த்தார். ஆறு வாரத்தில் சாதாரணக் குழந்தையே நாளுக்குக் கிட்டத்தட்ட 2¾ மணி நேரம் அழுதது, அதுவும் பெரும்பாலும் சாயந்திரத்தில். உங்கள் மகன் அந்த உச்சியில்தான் இருக்கிறான். அடுத்த இரண்டு வாரமும் கஷ்டமாகத்தான் இருக்கும், அதன் பிறகு குறையத் தொடங்கும்.

காலை மடக்குவதும் வயிறு இறுகுவதும் கேஸ் என்பதற்கு அடையாளம் இல்லை. எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் வயிற்றுத் தசை இறுகத்தான் செய்யும். அழும்போது காற்றை விழுங்குகிறான், அதுதான் பிறகு வெளியேறுகிறது. காற்றால் அழுகை வரவில்லை, அழுகையால் காற்று வருகிறது.

பால் பற்றவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும், உங்கள் மகன் 25-க்கு மேல் ஏறியிருக்கிறான். பால் பற்றாத குழந்தைக்கு இந்த எடை வராது. சாயந்திரம் மார்பு தளர்ந்து இருப்பதைப் பார்த்துப் பால் வற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள், அவன் குடிக்கக் குடிக்க ஊறிக்கொண்டேதான் இருக்கும். பவுடர் டப்பா வேண்டாம். லாக்டோஸ் விஷயத்தைக் கணவர் மறந்துவிடலாம்: பாலில் இருக்கும் அந்தச் சர்க்கரையைப் பிறவியிலேயே செரிக்க முடியாத குழந்தை ரொம்ப ரொம்ப அபூர்வம், அப்படி இருந்திருந்தால் பிறந்த சில நாளிலேயே தண்ணீராகப் போய் எடை சரிந்திருக்கும். மலத்தில் இரத்தமோ நிறையச் சளியோ வந்தால் மட்டும் நீங்கள் குடிக்கும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போய் அவனுக்கு ஒவ்வாமை தருகிறதா என்று யோசிப்போம், அதையும் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உரம் எடுக்கிறேன் என்று யாராவது புடவையில் போட்டு உருட்ட வந்தால் விடாதீர்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்தச் சொட்டு மருந்தில்தான். பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டைசைக்ளோமின் என்ற பெயர் இருந்தால் இன்றே வாஷ்பேசினில் கொட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் அந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது, கொடுத்த சிறு குழந்தைகளுக்கு மூச்சு நின்றிருக்கிறது, வலிப்பு வந்திருக்கிறது. மூளையைத் தொடுகிற மருந்து என்பதால் குழந்தை அசந்து தூங்கும், மருந்து கேட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள், ஆபத்தே அங்கேதான். 45 நாள் குழந்தைக்கு மருந்துக் கடையில் வாய்வார்த்தையாகக் கேட்டு மருந்து வாங்குவது என்ன தைரியம் என்று எனக்குப் புரியவில்லை. வயிற்றில் காற்றுக் குமிழிகளை உடைக்கும் சிமெதிகோன் மட்டும் என்றால் பயமில்லை, ஆனால் ஆராய்ச்சிகளில் அது மருந்தே கலக்காத சொட்டைவிட அதிகமாக எதையும் சாதிக்கவில்லை. கிரைப் வாட்டர், ஓம வாட்டர், வசம்பு உரசிய உரை மருந்து எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட அவன் வாய்க்குள் போகக் கூடாது.

தயிர் போல வருகிறது என்கிறீர்களே, அது கக்குவது, வாந்தி இல்லை. வயிற்றில் திரிந்த பால் கொஞ்சம் மேலே வருகிறது, வாயைத் துடைத்துவிட்டால் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது நிறத்தை. வேப்பிலையை அரைத்துப் பிழிந்த மாதிரிப் பச்சையாக வாந்தி வந்தால், ஒரே ஒரு தடவை வந்தாலும், இரவு இரண்டு மணியானாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பச்சை என்றால் பித்தம், கல்லீரலில் சுரக்கும் செரிமான நீர். பித்தம் குடலுக்குள் இறங்க வேண்டியது, மேலே வருகிறது என்றால் கீழே வழி அடைபட்டிருக்கலாம். சில குழந்தைகளுக்குக் குடல் பிறவியிலேயே சரியான இடத்தில் பொருந்தாமல் இருக்கும், அது திடீரென்று முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். நேரத்தோடு வந்தால் அறுவை சிகிச்சையில் முறுக்கை எடுத்துவிடலாம். முன்பு ஒரு பாட்டி, பேரன் வாந்தி எடுத்த வெள்ளைத் துண்டைத் துவைக்காமல் மடித்து, ஒரு கவரில் போட்டு எடுத்து வந்தார். அந்தக் கறையைப் பார்த்த நிமிடமே சர்ஜனுக்குப் போன் போட்டேன், குழந்தை பிழைத்தது. நீங்களும் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். போகும் வழியில் பால் கொடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், வண்டி இல்லையென்றால் 108.

100.4 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், பாலே குடிக்காமல் துவண்டு கிடப்பது, வழக்கமான அழுகை முனகலாக மாறுவது, இவற்றுக்கும் அன்றே போக வேண்டும். அப்புறம், ஒரு தடவை அழும்போது துணியை முழுக்கக் கழற்றிப் பாருங்கள். தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா, கால் விரல்களில் தலைமுடி சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தாய்க்கு முடி கொட்டும், ஒற்றை முடி விரலைச் சுற்றினால் கண்ணுக்கே தெரியாது.

அழுகையை முழுவதும் நிறுத்த வழி இல்லை, குறைக்கலாம். ஆறரை மணிக்குக் காத்திருக்காமல் ஆறு மணிக்கே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். டிவியையும் டியூப் லைட்டையும் அணைத்துவிட்டு, மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கிற அறையில் மெதுவாக நடங்கள். உங்கள் முன்கையில் அவனைக் குப்புறக் கிடத்தி, தலை முழங்கை மடிப்பில் இருக்க, கால்கள் இருபுறமும் தொங்க, இன்னொரு கையால் முதுகை நீவிவிடுங்கள், பல குழந்தைகள் இதில் அடங்கும். தூங்கிப்போனால் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தூளியில் ஆட்டலாம், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஒரு வழியை ஐந்து நிமிடமாவது செய்து பாருங்கள், நிமிடத்துக்கு ஒரு கை மாறினால் பிள்ளை இன்னும் மிரளும். எட்டு மணிக்குக் கணவர் வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் வேறு அறையில் போய்ச் சாப்பிடுங்கள். பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்தாமல் பருப்பு, காய், முட்டை, மீன் எல்லாம் சாப்பிடுங்கள்.

பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, பகலிலும் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிள்ளையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு வாரத் தடுப்பூசியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அழுகிறானே என்று தள்ளிப் போட்டிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். அதைப் போடும்போது எடையையும் பார்த்து அட்டையில் எழுதி வாங்குங்கள், பாட்டில் லேபிளையும் அங்கே இருக்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.