பெட்டி வந்துவிட்டது, சாவி வரவில்லை

கேள்வி: தீபாவளியன்று குடும்பத்தோடு காலைக் காட்சிக்குப் போனோம். ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். கேட்டதற்கு, "படம் வந்துவிட்டது, சாவிதான் வரவில்லை" என்றார் மேலாளர். படம் கையில் இருக்கும்போது ஓட்டுவதற்கு என்ன தடை? ஏமாற்றுகிறார்களா?
(வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: அம்மா, அவர் சொன்னது பொய்யில்லை. நானும் சுங்கை சிப்புட்காரன்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து, படச்சுருள் ஓட்டி, பிறகு டிஜிட்டலுக்கு மாறியவன். அந்தக் காலத்தில் ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொள்ளும். ஒரு சுருள் சுமார் 20 நிமிடம். அங்கே ஓடி முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் இங்கே வரும். மழை பிடித்துக்கொண்டால் சனம் கூச்சல் போடும். அன்று படச்சுருள் பெட்டிக்குக் காத்திருந்தோம், இன்று சாவிக்கு.

ஹாலிவுட்டின் ஏழு பெரிய நிறுவனங்கள் 2002இல் கூடி அமைத்த டிசிஐ என்ற குழு, 2005 ஜூலையில் ஒரு தர வரையறையை வெளியிட்டது. அதன்படி படம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் பூட்டப்பட்டே வருகிறது. திறக்கும் சாவி தனியே, பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும் ஒரு சின்னக் கோப்பு. ஒரு சாவி, அரங்கில் படத்தை ஓட்டும் கணினியான ஒரே சர்வருக்கு மட்டும்தான். இரண்டாம் அரங்கின் சாவி முதல் அரங்கில் வேலை செய்யாது. எந்த நாள், எந்த மணியிலிருந்து எதுவரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். கடிகாரத்தைத் திருப்பி வைத்து ஏய்க்கவும் முடியாது. சர்வரின் உள் கடிகாரத்தை ஆண்டுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் நகர்த்த இடமில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் சர்வர் பழுதாகி வேறொன்று வைத்தார்கள். ஒவ்வொரு சர்வருக்கும் அடையாளமாக ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு; அதை வைத்துத்தான் சாவி செய்வார்கள். சர்வர் மாறினால் அந்தச் சான்றிதழும் மாறும். அதை விநியோகஸ்தருக்கு யாரும் அனுப்பவில்லை. பழைய சர்வருக்குச் செய்த சாவிதான் வந்தது. விடியற்காலை இரண்டு மணி வரை தொலைபேசியும் கையுமாக நின்றேன். காட்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புதிய சாவி வந்தது. பண்டிகைப் புடவையோடு வரிசையில் நின்ற பெண்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானது. சாவி வந்ததா, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் சர்வர் திரையிலேயே தெரியும். முந்தைய இரவே பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது அவர்கள் பிழை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: சில அரங்குகளில் படம் மங்கலாகத் தெரிகிறதே, கண்ணில் கோளாறா?
(வாசகர், கோலகங்சார்)

பதில்: கண்ணில் இல்லை ஐயா, விளக்கில் இருக்கலாம். வெள்ளைத் திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) ஒளி இருக்க வேண்டும் என்பது தரம். விளக்கு பழசானால் ஒளி குறையும். செலவுக்கு அஞ்சி மாற்றாமல் ஓட்டுவது பார்க்க வந்தவருக்குச் செய்யும் துரோகம். வெளியே வந்ததும் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் குறும்படம் எடுத்திருக்கிறார்கள். பென்டிரைவில் கொடுத்தால் திரையரங்கில் ஓட்டுவார்களா?
(ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: கேட்கவே நிறைவாக இருக்கிறது. சாதாரண வீடியோ கோப்பாகக் கொடுத்தால் பல சர்வர்கள் எடுத்துக்கொள்ளாது. டிசிபி என்ற தொகுப்பாக மாற்ற வேண்டும். அதில் ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) ஜேபெக் 2000 என்ற சுருக்க முறையில் தனித்தனிப் படமாக இருக்கும், ஒலி சுருக்கப்படாமல் இருக்கும். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற மென்பொருள் இதை இலவசமாகவே செய்கிறது. பூட்டுப் போட வேண்டாம். பூட்டாத படத்துக்குச் சாவியே தேவையில்லை.

அடுத்த படத்தை நொடிக்கு 24 சட்டகம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அரங்குகளில் அதுதான் வழக்கம். வசனத்தை நடு ஒலிபெருக்கிக்குக் கொடுக்க வேண்டும். இடம், வலம் இரண்டில் மட்டும் கொடுத்தால், ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்குப் பேச்சு சுவரிலிருந்து வரும். காட்சிக்கு முதல் நாளே கொண்டுபோய் முழுதாக ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகளில் ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.