செலவே இல்லாத விவசாயமா? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இயற்கை விவசாயத்துக்கு மாறலாமா?" மாறலாம். அதற்கு மேல் ஏதாவது கேட்டவர்களுக்கு மட்டும் கீழே பதில்.

கேள்வி: ரசாயன உரத்தை நிறுத்தினால் விளைச்சல் எவ்வளவு குறையும்?

என்ன பயிர், பாசனமா மானாவாரியா, மண் எப்படி, எதையும் நீங்கள் எழுதவில்லை. மொட்டைக் கேள்விக்கு மொட்டைச் சராசரிதான் கிடைக்கும்: ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம். பல நாட்டு வயல்களை ஒப்பிட்டு 2012லும் 2015லும் வந்த ஆய்வுகளின் கணக்கு இது. தானியத்திலும் காய்கறியிலும் இழப்பு கூடுதல். மானாவாரிப் பயறு வகைகளில் 5 சதவீதம் போலத்தான். பயிர்ச் சுழற்சியும் ஊடுபயிரும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இடைவெளி பத்து சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கிறது. உரத்தை நிறுத்திவிட்டு வேறெதையும் மாற்றாமல் இருப்பதற்குப் பெயர் இயற்கை விவசாயம் இல்லை, பட்டினி போடுவது.

கேள்வி: விளைச்சல் குறைந்தால் லாபம் எங்கிருந்து வரும்?

விலையிலிருந்து. கிரவுடர், ரெகனால்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் 55 பயிர்களின் வரவு செலவை அலசினார்கள். கூடுதல் விலை கிடைத்தபோது, சான்று பெற்ற இயற்கை விவசாயத்தில் லாபம் 22 முதல் 35 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதலை எடுத்துவிட்டால் வழக்கமான விவசாயத்தைவிடக் கீழே போய்விடுகிறது. கணக்கு சமமாக 5 முதல் 7 சதவீதக் கூடுதல் விலை போதும். சந்தையில் அப்போது கிடைத்தது 30 சதவீதத்தை ஒட்டி. ஆகவே முதலில் வாங்குபவரைப் பிடியுங்கள், அப்புறம் விதையைத் தேடுங்கள். இதைப் பத்தாவது முறையாக எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பண்ணைக்கு எதையும் கடையில் வாங்குவதில்லை. எல்லாம் வீட்டிலேயே தயாரிக்கிறோம். செலவே இல்லாமல் விவசாயம் செய்கிறேன். ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை?

"தயாரிக்கிறோம்" என்று தொடங்கி "செய்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில் காணாமல் போனவர் யார்?

சாணம் அள்ளுவது, கரைசல் கலக்குவது, மூடாக்குக்கு இலைதழை சுமந்து வருவது, களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் குனிந்து களை எடுப்பது எல்லாம் உழைப்பு. மேலே சொன்ன அதே ஆய்வில், இயற்கை முறைக்குக் கூலிச் செலவு 7 முதல் 13 சதவீதம் அதிகம். கடைக்காரருக்குக் கொடுத்த பணம் மிச்சமாகிறது, உண்மைதான். அந்த வேலை மட்டும் மறைந்துவிடவில்லை, யாரோ ஒருவரின் முதுகுக்கு மாறியிருக்கிறது.

ஒரு பண்ணையில் வரவு செலவு நோட்டைப் பெருமையாக எடுத்துக் காட்டினார் உரிமையாளர். கூலி என்ற இடத்தில் சுழியம். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மூன்று பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டேன். "அவங்க வீட்டு ஆளுங்க" என்றார். அதே வேலைக்கு வெளியாட்கள் வந்திருந்தால் அந்த வருட லாபம் பாதிகூடத் தேறியிருக்காது. அவர் சம்பாதித்தது லாபம் இல்லை, வீட்டுப் பெண்களின் கொடுக்கப்படாத கூலி.

நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: யார், எத்தனை மணி நேரம். வெளியாளுக்குக் கொடுக்கும் கூலியாலேயே பெருக்குங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால் மகிழ்ச்சி, எனக்கும் எழுதுங்கள். இதை இயற்கை விவசாயத்துக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரசாயன விவசாயமும் உரத்திலிருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டைக் கணக்கில் எழுதுவதில்லை. கூலி கொடுத்துச் செய்தால் நிலமில்லாதவருக்கு வருடத்தில் கூடுதல் நாட்கள் வேலை கிடைக்கிறது. உரத்துக்கு வெளியே போன பணம் ஊரிலேயே சுற்றுகிறது. ஆனால் "கொடுத்துச் செய்தால்" என்பதை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

கேள்வி: குத்தகை நிலத்தில் செய்யலாமா?

எழுத்தில் ஒப்பந்தம், குறைந்தது ஐந்து வருடம். இல்லாவிட்டால் நீங்கள் மண்ணைத் தேற்றுவீர்கள், நிலக்காரர் குத்தகையை ஏற்றுவார்.

கேள்வி: சான்றிதழ் எப்போது கிடைக்கும்?

நாட்டையும் பயிரையும் பொறுத்து 2 அல்லது 3 ஆண்டு. அதுவரை விளைச்சல் இயற்கை, விலை சாதாரணம். பலர் கவிழ்வது இந்த இடைவெளியில்தான். பக்கத்து நகரத்தில் விற்பவர்களுக்கு, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிக்கும் பங்கேற்பு உத்தரவாத முறை மலிவு. ஏற்றுமதிக்கு அது பெரும்பாலும் செல்லாது.

கேள்வி: ஒரு நாடே ஒரே நாளில் மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

செய்தித்தாள் படிப்பதில்லையா? 2021 மே மாதம் இலங்கை ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது, நவம்பரில் விலக்கிக்கொண்டது. அதற்குள் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. சிக்கிம் 2003இல் தொடங்கி, முழு இயற்கை மாநிலம் என்று அறிவிக்க 2016 ஆனது. இத்தனைக்கும் அது சின்ன மாநிலம், அங்கே ரசாயனப் பயன்பாடும் குறைவாகத்தான் இருந்தது.

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் மருந்து அடிக்கிறார். என்ன செய்வது?

வேலியோரம் உயரமான பயிரோ மரமோ வரிசையாக வையுங்கள். அந்த வரிசையின் விளைச்சலை இயற்கை என்று விற்காதீர்கள். அவரிடம் சண்டைக்குப் போகாமல், எந்த நாளில் அடிக்கிறார் என்று கேட்டு வையுங்கள்.

கேள்வி: கடன் வாங்கி, பத்து ஏக்கரையும் வரும் பருவத்திலேயே மாற்றப்போகிறேன். வாழ்த்துங்கள்.

வாழ்த்த மாட்டேன். ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். மீதி ஒன்பதைப் பற்றி அறுவடை முடிந்ததும் எழுதுங்கள். நோட்டில் அந்தப் புதுப் பத்தியையும் நகலெடுத்து அனுப்புங்கள்.