எரிந்த சீரியல் லைட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: பண்டிகை விருந்துக்கு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு காய்ந்த மரம், அதில் காகிதத் தோரணம், புதிதாக வாங்கிய சீரியல் லைட். ஒட்டினாற்போல் இருந்த மேசையில் மெழுகுவர்த்தி. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோரணம் குப்பென்று பற்றிக்கொண்டது. மரத்தடியில் இருந்த நண்பரின் குழந்தையை இழுக்கப் போய் என் வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. பதினாறு நாள் மருத்துவமனையில் இருந்தேன். நண்பர் லைட்தான் கோளாறு என்கிறார். விற்றவர் மெழுகுவர்த்தியைக் கைகாட்டுகிறார். கூட இருந்த ஒருவரோ, உன்னை யார் உள்ளே போகச் சொன்னது என்கிறார். நஷ்டஈடு யாரிடம் கேட்பது? நண்பர் மீது கேஸ் போட மனசு வரவில்லை.

பதில்: முதலில் நண்பருக்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். எரிந்த லைட், அதன் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவர்த்தி இருந்த தட்டு, லைட் வந்த அட்டைப்பெட்டி, பில், எல்லாம் எங்கே என்று கேளுங்கள். இன்னும் வீட்டில் இருந்தால், இருக்கிற நிலையிலேயே போட்டோ எடுத்து ஒரு பெட்டியில் வைத்து மூடிவிடச் சொல்லுங்கள். வயரை வெட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், முக்கியமாக "எரியுதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருகிப் பார்க்க வேண்டாம். இப்படிச் செருகிப் பார்த்த ஒரு கட்சிக்காரர் எனக்கு இருந்தார், அதற்குமேல் அவர் கேஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், லைட்டா மெழுகுவர்த்தியா என்ற சண்டைக்குப் பதில் அந்தக் கரிக்குவியலில்தான் இருக்கிறது. தாமிரம் உருக ஏறத்தாழ 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். மின்சாரம் பொறி விட்ட இடத்தில் கம்பி நுனி மட்டும் உருகி, கடுகு மாதிரி உருண்டையாகத் திரண்டு நிற்கும், அதையொட்டிய கம்பி உருகாமல் அப்படியே இருக்கும். வெளித்தீயில் வெந்த கம்பி வேறு மாதிரி, பரவலாக மெலிந்து வழிந்திருக்கும். உருண்டை இருந்தாலே லைட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட முடியாது, மெழுகுவர்த்தித் தீ வயர் உறையை எரித்த பிறகும் பொறி விட்டிருக்கலாம். பொறி எந்த இடத்தில், தீ எங்கிருந்து எங்கே போனது என்பதை வைத்துத்தான் தீ விபத்து நிபுணர் சொல்வார். அவருக்கும் பொருள் கையில் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அவர்கள் எழுதிய அறிக்கையின் நகலுக்கும் இன்றே விண்ணப்பியுங்கள்.

சரி, யார் பொறுப்பு? நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். விருந்துக்குக் கூப்பிட்டவர், வந்தவர்களுக்கு ஆபத்து வராமல் நியாயமான கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மரமும் காகிதமும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தது கவனக்குறைவு, இதில் வாதாட அதிகம் ஒன்றுமில்லை. லைட்டில் கோளாறு இருந்தால் தயாரித்தவரும், பல நாடுகளில் விற்றவரும் மாட்டுவார்கள். ஆனால் பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தது என்று பாருங்கள். எத்தனை சரம்வரை ஒன்றோடொன்று கோக்கலாம் என்று அதில் போட்டிருக்கும், அதைத் தாண்டி ஏழெட்டுச் சரத்தைக் கோத்திருந்தாலோ, வயர் மேல் ஆணி அடித்திருந்தாலோ, தயாரித்தவரின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். வாடகை வீடு என்றால் பழுதான வயரிங்குக்காக வீட்டுக்காரரையும் விசாரிக்கலாம், ஆனால் உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருவர் ஒருவரையொருவர் கைகாட்டும்போது நாங்கள் வழக்கமாகச் செய்வது, இருவரையுமே பிரதிவாதிகளாகச் சேர்த்துவிடுவது. பங்கை அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும்.

"உன்னை யார் போகச் சொன்னது" என்று கேட்ட அந்த நல்ல மனிதருக்கு 1987-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) தீர்த்த ஒரு வழக்கைச் சொல்லுங்கள். ஒருவர் புளோலேம்ப் என்ற, தீயைப் பீய்ச்சும் கைக்கருவியை வைத்து வீட்டின் பழைய பெயின்ட்டை எரித்து எடுக்கப் போய்க் கூரையில் தீ பிடித்தது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர், தீயில் ஊற்றிய தண்ணீரே நீராவியாகிப் பாதுகாப்பு உடையையும் தாண்டி வெந்துபோனார். தீயோடு போராடுவதே அவர் வேலைதானே, அதற்கெல்லாம் நஷ்டஈடா என்ற வாதம் எடுபடவில்லை. தீயை உண்டாக்கியவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. சம்பளம் வாங்குகிறவருக்கே அப்படி என்றால், குழந்தையை இழுக்க ஓடிய உங்களுக்கு என்ன குறை? மெழுகுவர்த்தியை நகர்த்தியதே நீங்கள்தான் என்பது போல ஏதாவது இருந்தால் மட்டும் என்னிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் உங்கள் தவறின் அளவுக்கு நஷ்டஈடு குறையும், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவில் அலபாமா, மேரிலாண்ட், வட கரோலினா, வர்ஜீனியா போன்ற சில இடங்களில் பாதிக்கப்பட்டவர் மேல் சிறு தவறு இருந்தாலும் பொதுவாக முழுத் தொகையும் போய்விடும்.

நண்பர் விஷயம். அவரிடம் வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பல பாலிசிகளில் விருந்தாளிக்கு அடிபட்டால் கொடுக்கும் பகுதியும் உண்டு. அப்படி இருந்தால் காகிதத்தில் அவர் பெயர் வரும், பணம் கம்பெனியிலிருந்து வரும். இதை அவரிடமே நேரில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள், வக்கீல் நோட்டீஸ் வந்து தெரிந்துகொண்டால்தான் மனசு உடையும். அவர் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்தாக வேண்டும், தாமதத்தைக் காரணம் காட்டியே தட்டிக்கழிக்கிற கம்பெனிகள் உண்டு.

மருத்துவச் செலவைத் தருகிறோம், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தீக்காயத் தழும்பு முதிர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். கழுத்துத் தோல் இறுகித் தலையைத் திருப்ப முடியாமல் போகலாம், மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். கையெழுத்துப் போட்டபின் அதையெல்லாம் கேட்க முடியாது. உங்கள் உடம்பு மற்றவர்களைவிட மோசமாகத் தழும்பேறும் உடம்பாக இருந்தாலும் அது எதிர்த்தரப்பின் கவலை. 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ஓர் ஆங்கிலேய வழக்கில், வேலையில் உருகிய உலோகம் உதட்டில் தெறித்த ஒருவருக்கு அந்த இடத்திலேயே புற்றுநோய் வந்து இறந்துபோனார். புற்றுக்கான கூறு அவர் உதட்டில் முன்பே இருந்தும், சாவுக்கும் முதலாளியே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

அதற்காகக் காத்துக்கொண்டே இருந்துவிடவும் கூடாது. உடல் காயத்துக்கு வழக்குப் போட இங்கிலாந்தில் பொதுவாக 3 வருடம், கலிஃபோர்னியாவில் 2 வருடம். உங்கள் ஊரில் எவ்வளவு என்று அங்குள்ள வக்கீலிடம் இந்த வாரமே கேளுங்கள். இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துக் கையையும் கழுத்தையும் போட்டோ எடுத்துவாருங்கள். அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் ஒரு காகிதப் பைக்குள் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.