சுண்டெலி ஆணா பொண்ணா, முடிவு பண்றது யாரு? கேளுங்க சொல்றேன்

எலி லேப்ல இருக்கேன், தெரிஞ்சவரைக்கும் சொல்றேன், ஆரம்பிங்க.

கேள்வி: அக்கா, நம்மள மாதிரிதானே? ஒய் இருந்தா ஆண், முடிஞ்சுது?

பாதி சரி. சுண்டெலிக்கு 40 குரோமோசோம், அதுல ஒரு ஜோடி எக்ஸ்எக்ஸ்னா பொண்ணு, எக்ஸ்ஒய்னா ஆண். ஆனா முழு ஒய்யும் வேணாம், எஸ்ஆர்ஒய்னு ஒரே ஒரு ஜீன் போதும். 1990ல லண்டன்ல கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே அந்த ஜீன் இருக்கற 14,000 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்ட மட்டும் எலியோட கருமுட்டைக்குள்ள ஊசி வழியா ஏத்திப் பாத்தாங்க. பொறந்ததுல ஒரு எக்ஸ்எக்ஸ் எலி அப்படியே ஆண், விரை இருக்கு, பொண்ணுங்க பின்னாடியும் போச்சு. இதுல யாரும் பேசாத விஷயம், அதே துண்டு ஏறுன வேற சில எக்ஸ்எக்ஸ் எலிங்க பொண்ணாவேதான் இருந்துச்சு.

கேள்வி: அந்த எலிக்கு குட்டி பொறந்துச்சா மேடம்?

இல்லப்பா. விரை சின்னது, விந்தணுவே இல்ல. விரைக்குள்ள ரெண்டு எக்ஸ் இருந்தா விந்தணு ஆக வேண்டிய செல் செத்துடும். ஆண் ஆகறது வேற, அப்பா ஆகறது வேற.

கேள்வி: ஜீன் இருந்தும் ஏன் சிலது பொண்ணாவே இருந்துச்சு?

இதுதான் எனக்குப் புடிச்ச கேள்வி. ஜீன் இருந்தா மட்டும் பத்தாது, சரியான நேரத்துல போதுமான அளவு வேலை செய்யணும். எலிக்கு கர்ப்பகாலம் 19, 20 நாள்தான், அதுல பத்தரை நாள் வரைக்கும் ஆண் பொண்ணு ரெண்டுக்கும் ஒரே மாதிரி உறுப்பு, அப்பத்தான் எஸ்ஆர்ஒய் ஆன் ஆகும், பதினொன்னரைல உச்சம், பன்னெண்டரைல கிட்டத்தட்ட ஆஃப். அந்த ரெண்டு நாளைக்குள்ள அது சாக்ஸ்9ங்கற இன்னொரு ஜீனை எழுப்பி விட்டுடணும், அதுக்கப்புறம் சாக்ஸ்9 தன்னைத்தானே ஓட்டிக்கும், விரை உருவாகும். லேட்டா எழுந்தா பந்தி முடிஞ்சு வந்த விருந்தாளி கதைதான், அதுக்குள்ள சினைப்பை பக்கத்து ஜீன்கள் இடத்தப் புடிச்சிருக்கும். சுவிட்சர்லாந்து பொஸ்கியாவோ பள்ளத்தாக்கு எலியோட ஒய்யை, லேப்ல எல்லாரும் வச்சிருக்கற கருப்பு எலி வம்சத்துல கொண்டு வந்தா எக்ஸ்ஒய் குட்டிக்கே சினைப்பை வருது, சிலதுக்கு பாதி சினைப்பை பாதி விரை! அந்த ஒய் அது சொந்த வம்சத்துல ஒழுங்காத்தான் வேலை செய்யுது.

கேள்வி: வளந்தப்புறம் மாறாதுல்ல?

நானும் படிச்சப்போ அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. 2009ல வளந்த பொண்ணு எலியோட சினைப்பைல ஃபாக்ஸ்எல்2ங்கற ஜீனை மட்டும் அணைச்சாங்க, அங்க இருந்த செல்லெல்லாம் விரை செல் மாதிரி மாறி டெஸ்டோஸ்டிரோன் சுரக்க ஆரம்பிச்சிடுச்சு. 2011ல விரைல டிஎம்ஆர்டி1ங்கற ஜீனை எடுத்தாங்க, இதோட நேர் எதிர், விரை செல் சினைப்பை செல் மாதிரி மாறிடுச்சு. ஆக இந்த ஜீனுங்க வாழ்நாள் பூரா காவல் காக்கணும்.

கேள்வி: அயர்ன் கம்மியானா ஆண் குட்டி பொண்ணாகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே? என் தங்கச்சி மாசமா இருக்கா

2025ல ஜப்பான்ல வந்த ஆய்வு, எலிலதான். எஸ்ஆர்ஒய் ஆன் ஆக ஒரு என்சைம் வேணும், அதுக்கு இரும்பு வேணும், தாய்க்கு ரொம்பக் கொறைஞ்சா சில எக்ஸ்ஒய் குட்டிக்கு சினைப்பை வந்துச்சு. மனுஷங்களுக்கு இத வச்சு எதுவும் சொல்ல முடியாது, தங்கச்சிய டாக்டர் குடுத்த அயர்ன் மாத்திரைய ஒழுங்கா போடச் சொல்லுங்க.

கேள்வி: ஒய்யே இல்லாத எலி இருக்காமே?

இருக்கு, ஜப்பான்ல அமாமி தீவுல, முள்ளு மாதிரி முடி இருக்கற ஒரு எலி. ஆண் பொண்ணு ரெண்டுக்கும் ஒரே ஒரு எக்ஸ், எஸ்ஆர்ஒய் கிடையாது. ஆணுக்கு மட்டும் சாக்ஸ்9 பக்கத்துல 17,000 எழுத்துத் துண்டு ஒன்னு டபுளா இருக்குன்னு 2022ல சொன்னாங்க.

கேள்வி: பொறந்த குட்டிய எப்படிங்க பிரிக்கறது?

வால லேசா தூக்கிப் பாருங்க, மலத்துவாரத்துக்கும் பிறப்புறுப்பு இருக்கற சின்ன மொட்டுக்கும் நடுவுல கேப் ஆணுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஒன்ன மட்டும் பாத்தா குழப்பும், கூடப் பொறந்ததோட பக்கத்துல வச்சுப் பாருங்க. கருப்பு எலின்னா இன்னும் ஈசி, ஆண் குட்டிக்கு அந்த எடத்துல கருப்பா ஒரு புள்ளி தெரியும், வெள்ளை எலில அது கிடையாது.